உப்பனாற்றில் விட்ட மாலை

எங்கள் கல்யாண மாலைகள் இரண்டும் ஒரு மஞ்சள் பைக்குள் சுருண்டு, அம்மா வீட்டுச் சாமி அறையில் ஆணியில் தொங்கின. வைகாசியில் கழுத்தில் விழுந்தபோது குனிந்து நிற்க வைத்த மாலைகள். ஆடி பிறக்கும்போது சருகாகிவிட்டன. பையைத் தொட்டால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கும், உள்ளே ஜிகினா மட்டும் மின்னும். புதுத் தண்ணீர் ஓடும் ஆற்றில், ஆடிப் பதினெட்டன்று, பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து நின்று அவற்றை விட வேண்டும். இதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வித்தியாசம் கிடையாது. எந்த ஆற்றில் விடுவது என்பதில்தான் வில்லங்கம் வந்தது.

அறுபதுகளின் நடுவில் நடந்த கல்யாணம் எங்களுடையது. நான் பிறந்து வளர்ந்தது கடலூர் முதுநகர். அப்பாவுக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை. எங்கள் தெருவைத் தாண்டினால் உப்பனாறு. என்னைக் கொடுத்தது குமராட்சிப் பக்கம், கொள்ளிடத்தை ஒட்டிய ஒரு நெல்லுக்காரக் குடும்பத்தில். சிதம்பரம் வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் தண்ணீர் விஷயத்தில் இரண்டு ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எங்கள் பக்கத்துக் கெடிலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை அடித்தால்தான் தண்ணீர். ஆடியில் அது வெறும் மணல். குமராட்சியிலோ வெயில் மண்டையைப் பிளக்கும் ஆடியில், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாதபோது, வாய்க்கால் நிறையத் தண்ணீர் வரும். எங்கோ குடகில் பெய்த மழை அது. மேட்டூரில் தங்கி, கல்லணையைத் தாண்டி, கொள்ளிடத்தில் இறங்கி, கீழணையில் மறிபட்டு, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கடைசியில் அவர்கள் வயலுக்கு வரும். எங்களுக்குத் தண்ணீர் மேலேயிருந்து விழும். அவர்களுக்கு அது நடந்து வரும். புதிதாகப் போனவளுக்கு இதுவே பெரிய அதிசயமாக இருந்தது.

ஆனி முழுக்க நான் அங்கே இருந்தேன். வயல் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வாய்க்காலுக்குள் ஆடுகள் படுத்திருந்தன. ஆனால் யாரைப் பார்த்தாலும் தண்ணீரைப் பற்றித்தான் விசாரிப்பார்கள், ரயிலில் வரும் சொந்தக்காரரைப் பற்றி விசாரிப்பது போல. "எங்க வருதாம்?" "கல்லணை தாண்டிடுச்சாம்." "கீழணைக்கு எப்ப வரும்?" என் மாமியார்தான் இதில் எல்லோரையும்விட அவசரம். வாசலில் சைக்கிளில் போகிறவனைக்கூட நிறுத்திக் கேட்பார். நானும் காத்திருந்தேன். அதற்குள் ஆடி வந்துவிட்டது, அம்மா என்னை அழைத்துப் போக வந்துவிட்டாள்.

ஆடியில் புதுப்பெண் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது. அம்மாவுக்கு இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. மாமியாருக்கு மாலையைக் கொள்ளிடத் தண்ணீரில்தான் விட வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. தண்ணீர் இருக்கும் ஊரில் நான் இருக்கக் கூடாது. நான் இருக்கும் ஊரில் தண்ணீர் இல்லை. இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து, காப்பி டம்ளரைக் கீழே வைக்காமல் பேசிக்கொண்டார்கள்.

"பதினெட்டுக்கு மட்டும் பொண்ண அனுப்பிடுங்க சம்பந்தி. மாலைய வுட்டதும் சாயங்காலமே கொண்டாந்து வுட்டுடறோம்" என்றார் மாமியார்.

"ஆடியில அனுப்பற வழக்கம் எங்கள்ல கெடையாதுங்க" என்றாள் அம்மா.

"அப்ப மாலைய எங்க வுடுவீங்க?"

"ஏன், எங்க ஊர்ல ஆறு இல்லியா?"

"ஆறு இருக்கு. தண்ணி இருக்கா?"

அந்தக் கேள்வி அம்மாவை எங்கே குத்தியதோ தெரியாது. அன்றே என்னை ரயிலேற்றி முதுநகருக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

எனக்கு அந்த ஆடி ஒரு கனவு போலத்தான் ஞாபகத்தில் இருக்கிறது. காற்று நாள் முழுக்கக் கதவுகளை அடித்துச் சாத்தும். மத்தியானம் சிமெண்டுத் தரையில் படுத்தால் கண் செருகும். செருகியதும் தண்ணீர் வரும். நான் பார்க்காத கல்லணை, நான் பார்க்காத கீழணை, எல்லாவற்றையும் தாண்டி அது வந்துகொண்டே இருக்கும். யாருடைய கரையோ, யாருடைய தோப்போ, யாரோ துவைக்கும் கல்லோ, எல்லாம் கடந்து போகும். நானும் அதன் கூடவே மிதந்து போவேன். குமராட்சி வாய்க்காலில் திரும்பும் இடத்தில், அங்கே கரையில் அவர் மண்வெட்டியோடு நிற்பார், சரியாக அந்த இடத்தில் கதவு படாரென்று அடித்து விழித்துக்கொள்வேன். கல்யாணமாகி ஒரு மாதத்துக்கு மேல் சேர்ந்திருக்காத மனிதர் மேல் இவ்வளவு ஆசை வைத்திருக்கிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கும். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

பதினெட்டு நெருங்கியது. அம்மா அப்பாவைச் சைக்கிளில் கெடிலத்துக்கு விரட்டினாள். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நடு ஆத்துல பசங்க பந்து வெளயாடறானுங்க."

"அப்ப உப்பனாறு" என்றாள் அம்மா.

"அது உப்புத் தண்ணியாச்சே."

"ஓடுதா, இல்லியா?"

"ஓடுது."

"அப்பறம் என்னா?"

அம்மா பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் காட்டுக்காரி. முதுநகருக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், மீன் வாடைக்குப் பயந்து உப்பனாற்றங்கரைப் பக்கம் போனதே இல்லை. அந்த ஆறு அவளுக்கு ரயில் பாலத்திலிருந்து தெரியும் ஒரு பளபளப்பு, அவ்வளவுதான்.

ஆடிப் பதினெட்டுக் காலை ரயிலில் அவர் வந்தார். குதிகாலில் சேறு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே, அங்கே தண்ணீர் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் இல்லாமலே வந்துவிட்டது.

நல்ல நேரம் முடியுமுன் துறைக்குப் போனோம். மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி, தட்டில் ஒரு விளக்கு. அம்மா ஒரு கையால் தட்டையும் மறு கையால் மூக்கின் மேல் முந்தானையையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். துறையில் படகுகள் கட்டிக் கிடந்தன. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களையும் தட்டையும் பார்த்துவிட்டு, "தண்ணி இப்ப ஏறுதும்மா. கொஞ்சம் பொறுத்து, எறங்கறப்ப வுடுங்க" என்றாள்.

"நல்ல நேரம் போயிடும்மா" என்றாள் அம்மா.

"பஞ்சாங்கத்துக்குத் தண்ணியப் பத்தி என்னா தெரியும்?" என்று அந்த அம்மாள் சிரித்தாள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாங்கள் இருவரும் முழங்கால் தண்ணீரில் இறங்கி மாலைகளை விட்டோம். அவர் முழங்கை என் முழங்கையில் பட்டது. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று நான் பார்த்திருந்தால்தானே? மாலைகள் முதலில் தயங்கி நின்றன, பிறகு ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு மெதுவாக நகர்ந்தன. அவர்தான் கேட்டார், "கடல் எந்தப் பக்கம் அத்தை?"

"எல்லாத் தண்ணியும் கடலுக்குத்தான் மாப்ள போவும்" என்றாள் அம்மா, ஜெயித்த முகத்தோடு.

மத்தியானம் தேங்காய்ச் சோறும் புளிச்சோறும் வைத்துக்கொண்டு அவர் தண்ணீர் வந்த கதையைச் சொன்னார். இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள், அப்பா உம் கொட்டிக்கொண்டிருந்தார். ஆனால் கதை கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குத்தான்.

"மொதல்ல தண்ணியே தெரியாது மாமா. சருகும் நொரையுந்தான் ஊந்துகிட்டு வரும். அதுக்கு முன்னால எறும்பு, பூச்சி, தேளு எல்லாம் ஓடியாரும். அதப் புடிக்க மைனாவும் கொக்கும் பின்னாலயே வரும். வெடிப்புல தண்ணி எறங்கறப்ப உஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அத நாள் பூரா கேட்டுகிட்டு இருக்கலாம். அன்னிக்கு ராத்திரியே தவளை கத்துது. நாலு மாசமா எங்க இருந்துச்சோ. இப்ப நண்டு வளை போட ஆரம்பிச்சிடுச்சு, கெளுத்திக் குஞ்சு மடையில துள்ளுது."

சாயங்கால ரயிலில் அவரை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஆடி அல்லவா.

மறுநாள் காலை வாசலில் மீன்கார அம்மாளின் குரல். அம்மா சட்டியோடு போனாள். சட்டி கீழே விழும் சத்தம் கேட்டு நான் ஓடினேன். கூடையில் மடவை மீன்களுக்கு மேலே, எங்கள் மாலைகள் இரண்டும் சொதசொதவென்று கிடந்தன.

"நாந்தான் சொன்னேனேம்மா" என்றாள் அந்த அம்மாள். "ஏறுற தண்ணியில மேல போயிட்டு, எறங்குற தண்ணியில திரும்பி வந்திருக்குது. அதே துறையில, எங்க படகுக் கயித்துல மாட்டிகிட்டு நிக்குது. யாரு வூட்டு மாலன்னு எனக்குத் தெரியாதா? எடுத்தாந்தேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "விட்ட மால திரும்பி வரலாமா? கட்டிக் குடுத்த பொண்ணு திரும்பி வரும்னு இல்ல அர்த்தம்!"

"இன்னாம்மா நீ!" என்றாள் மீன்கார அம்மாள். "தண்ணியில போனது திரும்பி வந்தா எங்களுக்கு அதுதாம்மா நல்ல சகுனம். எங்க வூட்டு ஆம்பளைங்க தெனமும் போறாங்க." சொல்லிவிட்டு அம்மாவுக்கு இரண்டு மீன் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனாள். அன்று அந்த மீனை யாரும் தொடவில்லை.

மாலைகள் வெயிலில் உலர்ந்து, உப்புப் பூத்து, மறுபடி மஞ்சள் பைக்குள் ஏறி ஆணியில் தொங்கின. வெளியில் மூச்சு விடக் கூடாது என்று அம்மா எங்களிடம் சத்தியம் வாங்கினாள். அப்பா கூட்ஸ் ஷெட்டில் கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் மட்டும், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிவிட்டுச் சொன்னார். அவர் சிதம்பரத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். விஷயம் அவருக்கு முன்னால் குமராட்சி போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்த நாளில் என்னை அழைத்துப்போக வருவதாகப் பேச்சு. அன்று காலையிலிருந்து தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. அடுத்த நல்ல நாளும் போயிற்று. அதே கூட்ஸ் ஷெட் மனிதர் மூலமாகச் சேதி வந்தது: மாலைகளைக் கொண்டுவந்து கொள்ளிடத்தில் முறையாக விட வேண்டும், அதற்கு அப்புறம் பெண் வந்தால் போதும், அவசரமில்லை.

"ஒரு தடவ விட்ட மாலைய ரெண்டாந் தடவ விடுவாங்களா? ரெண்டாங் கல்யாணமா பண்றோம்?" என்று அம்மா குதித்தாள். "தப்பு நம்ம மேலன்னு ஒத்துகிட்ட மாதிரி ஆயிடும். அவுங்களா வந்து அழைச்சிட்டுப் போவட்டும்."

நடுவில் நான். குடிதண்ணீர் எடுக்கப் போனால், "இன்னும் போவலியா?" என்று கேட்பார்கள். அவர் ஏன் வரவில்லை? நாற்றங்கால் வேலை இருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு எட்டு வந்திருக்கலாம். இரண்டு அம்மாக்கள் மேல் வந்த கோபத்தைவிட அவர் மேல் வந்த கோபம் ஜாஸ்தி. இப்படியே விட்டுவிடுவார்களோ என்று கிணற்றடியில் நின்று அழுதிருக்கிறேன். அப்படி விடப்பட்ட பெண்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

ஒரு நாள் காலை ரயில் போன சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரத்தில் வாசலில் மாமியார் நின்றார். தனியாக. இடுப்பில் ஒரு பித்தளைக் குடம், வாயில் துணி கட்டியிருந்தது. உள்ளே ஏதோ முட்டி மோதிக்கொண்டிருந்தது.

"விரால். புதுத்தண்ணி மீனு. உசுரோட இருக்கு" என்று குடத்தை இறக்கிவைத்தார். ரயிலில் தளும்பித் தளும்பிப் புடவை நனைந்திருந்தது. அம்மாவுக்குக் குழம்பு வைக்க மனசு வரவில்லை. அந்த விராலை எங்கள் கிணற்றில் விட்டாள். பிற்பாடு எத்தனையோ வருஷம் அது அங்கே இருந்தது. நான் போகும்போதெல்லாம் சோற்றுப் பருக்கை போட்டு எட்டிப் பார்ப்பேன்.

மாமியார் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "எந்தத் தண்ணியில வுட்டீங்க? நான் பாக்கணும்" என்றார்.

மூன்று பேரும் துறைக்குப் போனோம். மாமியார் நேராக இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டு, தூவென்று துப்பினார். "உப்பு! என் புள்ள மாலைய உப்புத் தண்ணியிலயா வுட்டீங்க?" அப்புறம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தண்ணி கடல் பக்கந்தான போவுது? அப்பறம் எப்புடி மால திரும்பும்? எங்கயோ குட்டையில வுட்டுட்டுக் கத சொல்றீங்க" என்றார்.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இருந்து பாருங்க சம்பந்தி. எனக்கும் இப்பதான் தெரியும். இருந்து பாருங்க."

கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய தோணியின் நிழலில் உட்கார்ந்தோம். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சேறு தெரிந்தது, சேற்றில் சின்ன நண்டுகள் வெளியே வந்து கை ஆட்டின. நாரைகள் ஒவ்வோர் அடியாக வைத்து நடந்தன. எனக்கு அந்த வெயிலில் மறுபடி கண் செருகியது. இதே துறை ஐப்பசியில் எப்படி மாறும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேற்கே மழை கொட்டி, ஏரிகள் வழிந்து, செந்தண்ணீர் இந்த வழியாகத்தான் இறங்கும். உப்பைக் கடல் வாய் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகும். அப்போது மீன்கார அம்மாளின் கூடையில் ஏரிக் கெண்டையும் கெளுத்தியும் இருக்கும். மழை ஓய்ந்ததும் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி ஏறும், அதன் கூட மடவையும் இறாலும் ஏறும். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் வருஷம் முழுக்க இந்த ஆற்றுக்குள் எல்லைச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சண்டையில்தான் எங்கள் ஊருக்குச் சாப்பாடு.

திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது போல இருந்தது. தண்ணீரில் மிதந்த ஒரு வைக்கோல் துரும்பு எந்தப் பக்கமும் போகாமல் நின்றது. மாமியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டிப் போட்டிருந்த படகுகள் ஒவ்வொன்றாக, யாரும் தொடாமல், மெதுவாகத் திரும்பின. கடலைப் பார்த்திருந்த பின்பக்கமெல்லாம் இப்போது மேற்கைப் பார்த்தது. துரும்பு நகர்ந்தது. வந்த வழியே திரும்பிப் போனது.

மாமியார் எழுந்துவிட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "மேல போவுது" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "தண்ணி மேல போவுது."

"நாந்தான் சொன்னேனே" என்று அம்மா ஆரம்பித்தாள். மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"எனக்கு லால்குடிக்குக் கெழக்கால, கொள்ளிடக் கரையில பொறந்த ஊரு" என்றார். "என் தம்பி கல்யாணத்துல எங்க மாமனாருக்கும் எங்கப்பாவுக்கும் பேச்சு முத்திப் போச்சு. பந்தியில பாதியிலயே எழுந்துட்டாங்க. அன்னிக்கு வந்தவதான். அதுக்கப்பறம் அனுப்பல. எங்கம்மா செத்ததுக்கும் அனுப்பல. அவுங்க எல்லாரும் போயி சேந்துட்டாங்க, இனிமே போனா யாரு இருக்கா அங்க? ஆடியில தண்ணி வருதுல்ல, அது எங்க வூட்டுத் துறை வழியாத்தான் வருது. எங்கம்மா மஞ்சத் தேச்சுக் குளிச்ச கல்லு அங்க இருக்கு. அதத் தொட்டுட்டுத்தான் இங்க வருது. தண்ணி வந்த அன்னிக்கு யாருக்கும் முன்னால நான் போயி எறங்கிடுவேன். என் பொறந்தவூட்டுலேருந்து வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற ஒரே ஆளு அதுதான். அதனாலதான் மாலைய அதுல வுடணும்னு சொன்னேன். எங்கம்மா ஆசீர்வாதம் அதுல இருக்கும்னு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது வரும். நான் திருப்பி ஒண்ணும் அனுப்ப முடியாது. தண்ணி மேல போவாதே. இங்க போவுதே. சம்பந்தி, இது எங்க வரைக்கும் போவும்?"

எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் இப்போது தெரியும். சில மைல் ஏறும், பிறகு அயர்ந்து இறங்கிவிடும். லால்குடிக்கும் இந்த ஆற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது வேறு மலையில் பெய்த மழை, வேறு வழி, வேறு கடல் வாய். அந்த ஆடி முழுக்க ஒரு வார்த்தையில்கூட விட்டுக்கொடுக்காத என் அம்மா சொன்னாள்:

"ரொம்ப தூரம் போவும் சம்பந்தி."

"மாலை திரும்பிடுச்சே?"

"அது கனம். நாரும் ஜிகினாவுமா. பூவுன்னா லேசுதான? அது போயிடும்."

மாமியார் கொண்டையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்தார். ஒரு கண்ணி மட்டும் கிள்ளவில்லை. முழுச் சரத்தையும் எடுத்தார். முழங்கால் தண்ணீரில் இறங்கி, குனிந்து, கையை விரித்தார். ஆரஞ்சு நிறம் கொஞ்ச நேரம் துறையிலேயே சுற்றியது. பிறகு நீண்டு, நேராகி, படகுகளுக்கு நடுவே மேற்கே போனது. அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. தண்ணீர் அதைத் திருப்பத்தில் கொண்டுபோய் மறைக்கும்வரை நாங்கள் அசையவில்லை.

"ரயிலுக்கு நேரமாச்சு" என்றாள் அம்மா.

சாயங்கால ரயிலுக்கு அப்போது நேரமே ஆகவில்லை. மத்தியானச் சோறுகூட இன்னும் வடிக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு வந்த அவசரத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மாமியாரின் கையைப் பிடித்துக் கரையேற்றினாள். வீட்டுக்குப் போய் உலை வைத்த கையோடு என் புடவைகளைப் பெட்டிக்குள் திணித்தாள். சாப்பாடு போட்டாள், "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, நேரமாவுது" என்று விரட்டினாள். மாமியார் என்னை அழைத்துப் போவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. பெட்டியைக் கட்டிய பிறகு மாமியார் ஆணியிலிருந்த மஞ்சள் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அம்மா ஒவ்வொரு தடவை வாசலைத் தாண்டும்போதும் ஆற்றுப் பக்கம் பார்த்தாள். தண்ணீர் திரும்புமுன் மாமியாரை ஊரைவிட்டு ஏற்றிவிட வேண்டும், அதே துறையில் கனகாம்பரம் வந்து நிற்பதை அவர் கண்ணில் படவிடக் கூடாது.

ஸ்டேஷனில் வெயிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அப்பா கூட்ஸ் ஷெட்டிலிருந்து ஓடிவந்து, இவ்வளவு சீக்கிரம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினார். ரயில் கிளம்பும்போது அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வருகிறதா, துக்கத்தில் வருகிறதா என்று பிரிக்கத் தெரியவில்லை.

ஆலப்பாக்கம் போயிற்று, புதுச்சத்திரம் போயிற்று. பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வந்தது. அகலமான தண்ணீர், சாயங்கால வெளிச்சத்தில் அசையாமல் கிடந்தது போலத் தெரிந்தது. வெள்ளாற்றில் வீராணம் ஏரியிலிருந்து வடியும் தண்ணீரும் உண்டு, அதாவது கொள்ளிடத்துத் தண்ணீர். கடலும் வந்து ஏறும். மாமியாருக்கு அதெல்லாம் தெரிந்திருந்ததா என்று நான் கேட்டதில்லை. "இந்தா, இதுல போடு" என்று பையை என்னிடம் நீட்டினார்.

கம்பிகளுக்கு நடுவே மாலைகளைத் திணித்தேன். பாதி உதிர்ந்து என் மடியிலேயே விழுந்தது. மீதி காற்றில் பிரிந்து, ஜிகினா ஒரு தடவை மின்னி, கீழே போனது.

"எந்தப் பக்கம் போவுது?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாலம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"கடலுக்குத்தான் அத்தை" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பூ இல்லாத கொண்டை காற்றில் அவிழ்ந்திருந்தது.

"நீயும் உங்கம்மா மாதிரியே பொய் சொல்ல ஆரம்பிச்சிட்டியா?" என்றார். என் மடியில் கிடந்த சருகுகளைத் தன் கையால் கூட்டி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார். "சொல்லு, சொல்லு. கேக்க நல்லாத்தான் இருக்கு."

பாலம் முடிந்து கிள்ளை வந்தது.